சோளக் கிடங்கில் கேட்ட குரல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அதனால் என் வீட்டில் ஒரு பிடி மாவு குறையப்போவதில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். யாரோ யாரிடமோ கேட்டு எனக்குச் சொன்னது இல்லை இது. எனக்கும் ஞாத்தோவுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு தார்ப்பாய். அவள் புரண்டு படுத்தால் எனக்குத் தெரியும். நான் குறட்டை விட்டால் அவள் அந்தப் பக்கமிருந்து தட்டுவாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. முகாமில் அது பெரிய குறை. பொய் சொல்லத் தெரியாதவளுக்கு இரண்டாவது போர்வை கிடைக்காது.

எங்கள் ஊர் மலாக்கால். நைல் கரை. ஒரு காலத்தில் பெரிய படகெல்லாம் வந்து நிற்கும். வடக்கேயிருந்து வியாபாரிகள் சோளமும் சர்க்கரையும் சோப்பும் கொண்டுவந்து கொட்டுவார்கள். சந்தையில் நின்றால் ஐந்து மொழி காதில் விழும், ஐந்திலும் திட்டத் தெரிந்தவள் நான். பிறகு சண்டை வந்தது. காலையில் ஒரு படை, வாரம் திரும்புவதற்குள் இன்னொரு படை. ஊர் எத்தனை முறை கை மாறியது என்பதை எண்ணுவதையே விட்டுவிட்டோம். எந்தப் படை என்ன செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கதவைத் தட்டினார்கள்.

ஞாத்தோவின் புருஷன் ஒல்வாக் மீன்பிடிக்காரன். அவனுடைய தம்பி ஒபாச். கடைசியாக ஊர் விழுந்த அன்று ஆற்றங்கரையில் கூட்டம் சொல்லி மாளாது. முதலில் பெண்களும் குழந்தைகளும் என்று படகுக்காரர்கள் கத்தினார்கள். ஞாத்தோவையும் இரண்டு பிள்ளைகளையும் கொழுந்தன் ஒபாச்தான் தூக்கிப் படகில் போட்டான். ஒல்வாக் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "அடுத்த நடையில வர்றேன், போ" என்றான்.

அடுத்த நடை வரவே இல்லை.

நாங்கள் அக்கரையிலிருந்து சுற்றிவளைத்து, ஊருக்கு வெளியே இருந்த முகாமுக்கு வந்து சேர்ந்தோம். ஒபாச்சும் சில மாதம் கழித்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். ஒல்வாக் மட்டும் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை, தகவலும் இல்லை. வடக்கே போகும் லாரியில் பார்த்தேன் என்றான் ஒருவன். புதருக்குள் ஆட்களோடு இருக்கிறான் என்றான் இன்னொருவன். மனிதர்களுக்கு வாய் சும்மா இருக்காதே.

எங்களில் அண்ணன் செத்தால் தம்பி அண்ணியையும் பிள்ளைகளையும் ஏற்றுக்கொள்வான். பிறக்கிற பிள்ளைக்கும் அண்ணன் பெயர்தான். ஒபாச் தங்கமான பையன். மீன் கொண்டுவருவான், மழைக்கு முன்னால் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவான், ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டான். ஆனால் அதற்கு முன்னால் அண்ணனுக்குக் காரியம் செய்யவேண்டும். செத்தான் என்று ஊரறிய அழவேண்டும். சோள அறுப்புக்குள் முடிவு சொல் என்று பெரியவர்கள் நெருக்கினார்கள்.

"செத்தான்னு யாரு பார்த்தா?" என்பாள் ஞாத்தோ. "உயிரோட இருக்கிறவனுக்குக் கருமாதி பண்ணச் சொல்றீங்களா?"

அவளுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். இருக்கிறானா, இல்லையா. இரண்டு மழைக்காலமாக அவள் தூக்கத்தைத் தின்றது அந்தக் கேள்விதான்.

அன்று நாங்கள் ஐந்து பெண்கள் விறகுக்குப் போனோம். ஆண்கள் போனால் சுட்டுவிடுவார்கள். பெண்கள் போனால் என்ன ஆகும் என்பதைப் பேசமாட்டோம், அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்கு முகாம் வாசலை மூடிவிடுவார்கள். அதற்குள் திரும்பவேண்டும்.

"ஏய் ஞாத்தோ, உன் கொழுந்தன் இன்னிக்கும் சோப்பு போட்டுக் குளிச்சிருக்கான்டி" என்று கிண்டல் செய்தாள் ஒருத்தி.

"உனக்கு வேணும்னா கூட்டிட்டுப் போ. தார்ப்பாய் நல்லாக் கட்டுவான்" என்றாள் ஞாத்தோ.

சிரித்தோம். ஞாத்தோவின் பழைய வீட்டுக்குப் பிரியும் மலாக்கியா திருப்பம் வந்ததும் அவள் சிரிப்பு நின்றது. எப்போதும் அப்படித்தான். விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டே, "வீட்டை ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடறேன் அக்கா" என்றாள்.

"வானம் கறுத்துக் கிடக்கு, போகாதேடி."

"ஒரு எட்டுதான்."

மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்க் கறுப்பு மண் மழையில் காலை விடாது. ஒவ்வோர் அடிக்கும் இரண்டு கிலோ சேறு கூடவே வரும். நாங்கள் நான்கு பேர் முட்டி மோதி வாசலுக்குள் நுழைந்தோம். ஞாத்தோ வரவில்லை. ஆறு மணி. அமைதிப்படையின் நீலத் தொப்பிச் சிப்பாய் கம்பிக் கதவை இழுத்தான். ஒருத்தி வெளியே இருக்கிறாள், கொஞ்சம் பொறு என்று அவன் சட்டையைப் பிடித்துக் கெஞ்சினேன். ஐந்து மொழியிலும் கெஞ்சினேன். அவன் பாவம், கைக்கடிகாரத்தைக் காட்டி என்னவோ சொன்னான். கதவு மூடிக்கொண்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்?

இனிமேல் சொல்வதெல்லாம் அவள் எனக்குச் சொன்னது.

ஞாத்தோவின் வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை, ஜன்னல் சட்டம்கூட இல்லை. எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். முற்றத்தில் ஆள் உயரப் புல். ஒதுங்க இடமில்லாமல் பின்புறச் சந்துக்கு ஓடினாள். அங்கே வடக்கத்தி வியாபாரி ஒருவரின் பழைய சோளக் கிடங்கு இருந்தது. செங்கல் சுவர், ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவை என்றைக்கோ பிடுங்கிவிட்டார்கள். தகரக் கூரையில் மட்டும் ஒரு மூலை மிச்சம், அதன்மேல் ஒரு வேப்பமரம் சாய்ந்து கிடந்ததால் திருடர்களால் அதை எடுக்க முடியவில்லை.

அந்த மூலையில் போய் உட்கார்ந்தாள். தூரத்தில் விமானத் தளத்து விளக்கு எரிந்தது. ஆறு மணிக்குத்தான் அதைப் போடுவார்கள். வாசல் மூடியாயிற்று. இனி விடியும்வரை இங்கேதான். பிள்ளைகளை அக்கா பார்த்துக்கொள்வாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயம் இல்லை, எரிச்சல்தான் இருந்ததாம்.

முதலில் வாசனை வந்தது. சோள வாசனை.

மூட்டை பிரித்ததும் மூக்கில் ஏறுமே, அந்தத் தூசி வாசனை. அந்தக் கிடங்கில் இரண்டு வருடமாக ஒரு மணி சோளம் கிடையாது. எலிகூடப் போய்விட்டது. நாம் பசியில் இருக்கிறோம், அதனால்தான் இப்படி மூக்கு ஏமாற்றுகிறது என்று நினைத்தாள்.

பிறகு உஷ்ணம். மழை நேரத்தில் சுவர் சில்லென்று இருக்கவேண்டும். முதுகைச் சாய்த்தாள், சுட்டது. நாளெல்லாம் வெயிலில் காய்ந்த சுவர் மாதிரி சுட்டது.

காலைப் பார்த்தாள். கணுக்கால்வரை அப்பியிருந்த சேறு காய்ந்து வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. தரையில் கை வைத்தாள். புழுதி. ஈரமே இல்லை.

வாசல் வழியே வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது. கண்ணால் பார்த்தாள்.

ஆனால் சத்தம் கேட்கவில்லை.

மழைக்குப் பதிலாக வேறு ஏதோ கேட்டது. ஆற்றுப் பக்கமிருந்து. பட... பட பட... என்று. விறகு வெடிக்கிற மாதிரி. அந்தச் சத்தத்தை எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைகூட அடையாளம் சொல்லும்.

எழுந்து ஓடிவிடலாம் என்று கையை ஊன்றினாள். அப்போது வாசலில் ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் நுழைந்தார்கள். குனிந்து, வெறுங்காலோடு, மூச்சு வாங்க. முகம் தெரியவில்லை, வெறும் உருவம்தான். அவளைத் தாண்டி, அவளை இடித்துக்கொண்டு, சுவர் ஓரமாக உட்கார்ந்தார்கள். தோளோடு தோள் உரசியது. வியர்வை நாற்றம். எல்லாம் ஆண்கள்.

கடைசி ஆள் உள்ளே வந்ததும்...

க்ரீச்...

இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. இல்லாத கதவு.

ஒரு துளி வெளிச்சம் இல்லை. எதிரிகளோ, நம் ஆட்களோ? உயிரோடு இருக்கிறவர்களா என்ற கேள்வி அப்போது தோன்றவே இல்லையாம்.

பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது.

அவள் முகத்தைத் தொட்டது. மேலே ஏறியது. நெற்றியில் நின்றது.

எங்கள் சில்லுக் ஆட்களுக்கு நெற்றியில் குறி உண்டு. ஒரு காதிலிருந்து மறு காதுவரை முத்து கோத்த மாதிரி வரிசையாகப் புடைப்புகள். மற்ற இனத்தாருக்குக் கோடு. சண்டை நாட்களில் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை, நெற்றியைத்தான் பார்த்தார்கள். இருட்டில் என்றால் தடவிப் பார்த்தார்கள்.

அந்த விரல்கள் அவள் முத்துக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போயின. முடிந்ததும், "நம்மாளுதான்" என்று யாரோ காற்றிலும் மெல்லிய குரலில் சொன்னார்கள். கை விலகியது.

மூலையில் யாரோ இருமினார்கள். அடக்கி அடக்கி, உள்ளுக்குள்ளேயே வெடிக்கிற இருமல்.

அந்த இருமலை அவளுக்குத் தெரியும்.

தையல்காரர் கூர். ஆஸ்துமாக்காரர். நாலு வீடு தள்ளி இருந்தவர். தூசி பட்டால் போதும், தெருவுக்கே கேட்கும். படகில் இடம் கிடைக்காமல் கரையில் நின்ற ஆண்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது எந்த நாள், இவர்கள் யார் என்று.

"ஓடிப்போக வேண்டியதுதானேடி" என்று நான் கேட்டேன்.

"எப்படிக்கா ஓடுவேன்?" என்றாள். "கூர் இருந்தா அவரும் இருப்பாரே."

அவள் தேடினாள். பேசக்கூடாது, கூப்பிடக்கூடாது. கை ஒன்றுதான். பக்கத்து ஆளின் நெற்றியைத் தடவினாள். இல்லை. அடுத்தவர். இல்லை. முட்டி போட்டு நகர்ந்தாள். சூடான நெற்றிகள், வியர்த்து வழிகிற நெற்றிகள். யாரும் அவள் கையைத் தட்டிவிடவில்லை.

ஒல்வாக்குக்குச் சின்ன வயதில் குறி போடும்போது வலி தாங்காமல் அசைந்துவிட்டான். இடது புருவத்துக்கு மேலே இரண்டு முத்து ஒட்டி ஒன்றாகிவிட்டது. 'அழுமூஞ்சி முத்து' என்று அவள் கேலி செய்வாள்.

ஐந்தாவது நெற்றி. ஆறாவது.

விரல் நின்றது.

ஒட்டிய முத்து.

அவள் அழவில்லை. மூச்சுகூட விடவில்லை. அந்த இடத்தையே அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் கை மேலே வந்து அவள் நெற்றியைத் தேடியது. வலை இழுத்துக் காய்த்துப்போன அதே கை. கதகதவென்று இருந்தது. வரிசை முழுவதையும் தடவிவிட்டு அவள் தலையைத் தன் பக்கம் இழுத்தது.

காதோடு வாய் வைத்து, "ஏன் திரும்பி வந்தே?" என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைங்க?"

"அக்கரையில."

அவன் மூச்சை விட்டான். அவ்வளவு நீளமான மூச்சை அவள் கேட்டதே இல்லையாம்.

அப்போது வெளியே...

பூட்ஸ் சத்தம்.

சந்தில். பலர்.

உள்ளே எல்லோரும் கல்லானார்கள்.

வெளியே ஒரு குரல். எங்கள் மொழியில். நிதானமாக.

"ஒல்வாக்! நான்தான். வெளிய வா. படகு வந்திருக்கு."

ஒபாச்சின் குரல்.

யாரும் அசையவில்லை.

"ஒல்வாக்! படகு வந்திருக்கு. எல்லாரையும் கூட்டிட்டு வா."

மூச்சு இல்லை. சத்தம் இல்லை.

மூன்றாவது முறை. "ஒல்வாக்..."

பிறகு காலடிகள். கிட்டே வருகிறதா, தள்ளிப் போகிறதா, அவளுக்குத் தெரியவில்லை. காதில் தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது.

கூர் மறுபடி இருமத் தொடங்கினார்.

அவள் கைக்கடியிலிருந்து அந்த நெற்றி விலகியது.

ஒல்வாக் எழுந்துவிட்டான்.

போகிறான். தம்பி கூப்பிட்டதும் போகிறான். அவள் இருட்டில் பாய்ந்து சட்டையைப் பிடித்தாள். நழுவியது. மறுபடி பிடித்தாள். காற்றுதான் இருந்தது.

எங்களில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். இளவட்ட வயதில் அவனுக்குக் கொடுத்த காளையின் பெயரால்தான் கூப்பிடுவாள். ஒல்வாக்கின் காளை சாம்பல் பூத்த மயிலை நிறம்.

"மயிலை! போகாதே!"

தொண்டை கிழியக் கத்திவிட்டாள்.

கத்திய அந்த நொடி...

வெளியே காலடிகள் நின்றன.

திரும்பின.

ஓடி வந்தன.

அதன் பிறகு என்ன கேட்டது, என்ன பார்த்தாள் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. கேட்கிற தைரியம் உங்களுக்கு இருந்திருக்குமா?

மழை சத்தம் சடாரென்று காதில் விழுந்ததாம். மேலே வேப்பங்கிளை ஆடிக்கொண்டிருந்தது. கதவில்லாத வாசல். கணுக்கால்வரை தண்ணீர். அவள் மட்டும் நடுக் கிடங்கில், கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். விடியும்வரை அப்படியே நின்றாள்.

காலையில் வாசல் திறந்ததும் முதல் ஆளாக வந்தாள். விறகு இல்லை. கண் எங்கேயோ இருந்தது. நான் திட்டவேண்டும் என்று ராத்திரி முழுக்கச் சேர்த்துவைத்த வார்த்தையெல்லாம் வாய்க்குள்ளேயே செத்துப்போயின. உட்காரவைத்துத் தலையைத் துவட்டினேன். முடியெல்லாம் ஏதோ ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். சோள உமி. காய்ந்த, புது உமி. இதே விரல்களால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ராத்திரி முழுக்க ஊரே நனைந்து கிடந்தது, அவள் தலையில் உமி உலர்ந்திருந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும், "செத்துட்டாருக்கா" என்றாள். "இப்போ தெரிஞ்சுபோச்சு."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்தது யாருன்னும் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். இருட்டில் குரல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்றேன். அவள் கேட்கவில்லை. ஒபாச்சுக்கு ஆள் அனுப்பினாள். முடிவு சொல்லப்போகிறாள் என்று பெரியவர்களெல்லாம் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அவள் என்னைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை.

நல்ல வெயில் நேரம். இஞ்சி தட்டிப் போட்ட டீயை நான்தான் ஊற்றினேன். ஒபாச் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கையில் காய்ந்த மீன் ஒரு கட்டு. பாவி, சிரித்துக்கொண்டே வந்தான்.

ஞாத்தோ அவனை உட்காரச் சொல்லவில்லை.

"என்னைப் படகுல ஏத்திவிட்டப்புறம் நீ எங்கே போனே?"

அவன் சிரிப்பு போயிற்று. "ஏன் அண்ணி?"

"சோளக் கிடங்கு வாசல்ல நின்னு உங்க அண்ணனைக் கூப்பிட்டது யாரு?"

மீன் கட்டு கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தான். நான் டீயைக் கையில் கொடுத்தேன், வாங்கவில்லை.

"உனக்கு யாரு சொன்னா?" என்றான் கடைசியில். "அங்க இருந்தவங்க யாருமே உயிரோட இல்லையே."

"நீ சொல்லு."

சொன்னான். படகை அனுப்பிவிட்டு, நெரிசலில் பிரிந்துபோன அண்ணனைத் தேடி ஓடும்போது அவனைப் பிடித்துவிட்டார்கள். முதுகில் துப்பாக்கியை வைத்து, "உங்க ஆளுங்களை உங்க மொழியில கூப்பிடு" என்று சந்து சந்தாக நடத்தினார்கள்.

"அதனால கூப்பிட்டுட்டே" என்றாள் ஞாத்தோ. "சொந்த அண்ணனை."

"கூப்பிட்டேன். ஆனா காட்டிக்கொடுக்கலை." அவன் அழ ஆரம்பித்துவிட்டான். "அண்ணனும் நானும் அன்னிக்குக் காலையிலேயே பேசி வெச்சுக்கிட்டோம் அண்ணி. நிஜமா நானா வந்தா காளைப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். வெறும் பேரைச் சொன்னா முதுகுல துப்பாக்கி இருக்கு, மூச்சு விடாதேன்னு அர்த்தம். அதான் ஒல்வாக், ஒல்வாக்னு கத்தினேன். அண்ணன் புரிஞ்சுக்கிட்டான். ஒருத்தனும் அசையலை."

ஞாத்தோவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் மெல்ல வடிந்தது.

"அப்போ அவர் எழுந்தது..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. கூர் இருமியதை நினைத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவர் வாயைப் பொத்தத்தான் எழுந்திருக்கிறான்.

ஒபாச் தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனான். "மூணு தடவை கூப்பிட்டேன். இங்க ஒருத்தனும் இல்லை, நடடான்னாங்க. நடந்தோம். அடுத்த சந்துகூடத் திரும்பிட்டோம். அண்ணன் பிழைச்சுட்டான்னு நினைச்சேன். சத்தியமா நினைச்சேன்."

"அப்புறம்?" என்று கேட்டவள் நான்தான். கேட்டிருக்கக்கூடாது.

"உள்ளேயிருந்து ஒரு பொம்பளை கத்தினா."

வெளியே பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது.

"அந்தக் குரலைக் கேட்டுத்தான் திரும்பி ஓடினாங்க அக்கா. கதவை உடைச்சாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் என்னைத்தான் உள்ளே போய் இழுக்கச் சொன்னாங்க. ஒவ்வொருத்தரா நான்தான் ஆத்துல விட்டேன். அண்ணனையும் நான்தான். அதை எந்த வாயால வந்து சொல்வேன்? எல்லாரும் ஆம்பளைங்க. ஒரு பொம்பளைகூட இல்லை. மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். இல்லவே இல்லை."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஞாத்தோவைப் பார்த்தான். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. பயந்த குழந்தை பெரியவர்களைப் பார்க்குமே, அப்படிப் பார்த்தான்.

"'மயிலை, போகாதே'ன்னு கத்தினா. அண்ணனை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடற பொம்பளை உலகத்துலயே ஒருத்திதான். ஆனா உன்னை நான்தானே படகுல ஏத்திவிட்டேன்? படகு போறதைப் பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன்? நீ அக்கரையிலதானே இருந்தே, அண்ணி?"

ஞாத்தோ இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள்.